இடது முன் மூட்டு

முன்பின் தெரியாத நோயாளிகளின் மெத்தையைத் தூக்கிப் பார்த்ததற்காக லெயார்கோ மொண்டோர்சியை ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகள் மூன்று முறை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது முறை ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவரு உங்க ஆளா?" என்று கேட்டார் வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர். "நேத்துதான் ஆபரேஷன் ஆன அம்மா. அவங்க கட்டிலுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாக்குறாரு. அந்தம்மா செத்தே போயிட்டோம்னு நெனச்சுட்டாங்க."

லெயார்கோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். "ஆறாம் நம்பர் கட்டில், கால்மாட்டு மூட்டு," என்றான் என்னிடம். "நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னு தெரியும்ல? வா போகலாம்."

"ஏழாம் நம்பர் பாக்கலியே."

அந்தக் கட்டில்களை எல்லாம் செய்தது அவன்தான். எஃகுக் குழாய்க் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காளையைக் கட்டித் தொங்கவிடலாம், அவ்வளவு உறுதி. அது 1963. அதற்கு ஆறு வருடம் முன்புவரை அவன் கட்டிலைத் தொட்டதே இல்லை. பந்தயக் கார்களுக்குக் குழாய்ச் சட்டகம் கட்டிக்கொண்டிருந்தான். ஏன் விட்டான் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மட்டும் காரணம் முழுசாகத் தெரியும். அவனுக்கே பாதிதான் தெரியும்.

என் பெயர் வைனர் கவட்ஸூத்தி. இத்தாலியில், மோதெனாவின் ரயில் பாதைக்கு வடக்கே, க்ரொச்செத்தாவில், ஒரே பட்டறையை இரண்டாகப் பிரித்து நாங்கள் இருவரும் வைத்திருந்தோம். லெயார்கோ காருக்கு எலும்பு கட்டுவான். நான் அதன் மேல் அலுமினியத் தகட்டை அடித்துத் தோல் போடுவேன். நடுவில் சுவர் கிடையாது. அவன் பக்கத்துத் தீப்பொறி என் தலையில் விழும், என் சுத்தியல் சத்தம் அவன் காதில் விழும். மதியம் ஒரே பெட்டி மேல் ரொட்டியையும் மொர்த்தடெல்லா இறைச்சியையும் வைத்துச் சாப்பிடுவோம்.

அவன் அப்பா ஸ்பிலம்பெர்த்தோவில் சைக்கிள் சட்டம் செய்தவர். அதனால் மெல்லிய குழாயைச் சூடு பண்ணும்போது அது எப்போது இளகும், எப்போது உருகி ஓட்டை விழும் என்பது லெயார்கோவுக்குச் சின்ன வயதிலேயே கையில் ஏறிவிட்டது. போர் முடிந்து வந்தவன் ஒரு பெரிய எஃகு மேஜையைத் தட்டையாக இழைத்துப் பட்டறையில் போட்டான். அதன் மேல்தான் எல்லாம். கீழே இரண்டு முட்டை வடிவப் பெருங்குழாய்கள். அவற்றிலிருந்து எழும்பும் சிறு குழாய்கள். ஒவ்வொரு குழாயின் முனையையும் மீன் வாய் மாதிரி அராவி, அடுத்த குழாயைக் கவ்வுகிற மாதிரி பொருத்துவான். ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவான். எல்லாம் முக்கோணமாக அமைய வேண்டும். முக்கோணம் நெளியாது, சதுரம் நெளியும் என்பான். முடிந்த சட்டகத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சிரமமில்லாமல் தூக்கிவிடலாம். அதுவே காட்டுத்தனமான என்ஜினைத் தாங்கி, வளைவில் அத்தனை வேகத்துக்கும் ஈடுகொடுக்கும்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஒவ்வொரு மூட்டிலும் நாலு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி சின்னதாகப் பற்றவைத்து நிறுத்திக்கொள்வான். அளவெல்லாம் சரிபார்த்த பிறகுதான் சுற்றிலும் முழுசாகப் பற்றவைப்பது. பொட்டோடு நிற்கும் மூட்டுக்கெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு சிலுவை போடுவான். முழுசாக முடித்ததும் அழித்துவிடுவான். சிலுவை இருந்தால் வேலை பாக்கி. இது எனக்குத் தெரியும். பட்டறைக்கு வந்து போகிற எல்லாருக்கும் தெரியும்.

வின்யோலாவில் செர்ரிப்பழ மொத்த வியாபாரம் செய்த ஜிபெல்லீனி குடும்பத்துப் பையன் ஒத்தோரினோ, 1957இல் எங்களிடம் ஒரு கார் செய்யக் கொடுத்தான். இருபத்தாறு வயது. வாய் ஓயாது. தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான், வாசலிலேயே கேட்பான்.

"லெயார்கோ! முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"நான் கெழவனான பிறகாவது முடியுமா?"

"கெழவனாகணும்னா மெதுவா ஓட்டு."

மே மாதம் கார் முடிந்தது. மலைச்சாலைப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் பெரிய கார்புரேட்டர்கள் மூன்றைக் கொண்டுவந்து நின்றான். அவற்றைப் பொருத்த, இடது பக்கம் முன்னால் குறுக்கே போகும் ஒரு சாய்வுக் குழாய் இடைஞ்சலாக இருந்தது. லெயார்கோ முறைத்தான், திட்டினான், கடைசியில் சம்மதித்தான். அந்தக் குழாயை வெட்டி எடுத்து, நாலு விரல் கீழே இறக்கி வேறொன்றை வைத்தான். இரண்டு முனையிலும் பொட்டு வைத்தபோது வாயு தீர்ந்துவிட்டது. சுடர் சுருங்கி, இருமி, அணைந்தது. அது ஒரு வியாழக்கிழமை காலை.

"நீ பாத்துக்க, நான் போய் சிலிண்டர் அனுப்பச் சொல்லிட்டு வர்றேன்," என்று சைக்கிளில் கிளம்பினான். எந்த மூட்டு பாக்கி என்று சொல்லவில்லை, அதைச் சிலுவைதான் சொல்லுமே.

அவன் போய் அரை மணி ஆகியிருக்காது. ஒத்தோரினோ ஒரு லாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மலையில் அன்று மாலையே சாலையைப் பயிற்சிக்குத் திறந்துவிடுகிறார்களாம். நான் அப்போது என்ஜின் பக்கத்து உள்தகட்டை மூடிக்கொண்டிருந்தேன். தகடு போடும் முன் குழாய்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது என் வழக்கம். துடைத்துக்கொண்டே போனேன். இடது பக்கம், உள்ளே, இருட்டான மூலையில், வெள்ளையாக ஒரு சிலுவை இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. கை போன போக்கில் இரண்டையும் துடைத்துவிட்டேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். ஆனால் மனசில் பதியவில்லை. ஒத்தோரினோ பின்னால் நின்று, தன் அக்கா ஜெலிண்டா யாரோ ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"வைனர், முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது," என்றேன். கடைசி ரிவெட்டை அடித்தேன். இருவருமாகக் காரை லாரியில் ஏற்றினோம்.

லெயார்கோ திரும்பியபோது மணி பன்னிரண்டு. எஃகு மேஜை காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"கார் எங்கடா?"

"ஒத்தோரினோ வந்து எடுத்துட்டுப் போயிட்டான். மலைக்கு."

"அந்த மூட்டு முடியலடா! சிலுவை போட்டிருந்தேனே, பாக்கல?"

அப்போதுதான் என் கையிலிருந்த துணியின் வெள்ளைக் கறை எனக்கே தெரிந்தது. துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும்.

"எந்தச் சிலுவை?" என்றேன். "ஒண்ணும் இல்லியே."

அவன் என்னையே பார்த்தான். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று தேடினான் போல. காலை முழுக்க எண்ணெயிலும் அரத்திலும் புழங்கிய கை அது. ஒன்றும் இல்லை.

"போட்டேன்னு நெனச்சேன்," என்றான் மெதுவாக.

அஞ்சலகத்துக்கு ஓடினான். மலை மேல் பந்தயக்காரர்கள் தங்கும் விடுதிக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்டுக் காத்திருந்தான். இணைப்புக் கிடைத்தபோது நாலரை மணி. விடுதிக்காரர் "அவரு பயிற்சிக்குப் போயிட்டாரு, வந்தா சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு இடது வளைவில் கார் சாலையை விட்டு விலகிக் கஷ்கொட்டை மரங்களுக்குள் பாய்ந்து தீப்பிடித்தது. ஒத்தோரினோவை உயிரோடு எடுக்க முடியவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் வேகம் அதிகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எரிந்ததைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பட்டறைக்கு ஒருவரும் வரவில்லை. லெயார்கோ தானாகவே வின்யோலா போய், பிணத்தின் முன்னால் நின்ற ஒத்தோரினோவின் அப்பாவிடம், "ஒரு மூட்டு முடியாம இருந்தது. நான் குறி போட மறந்துட்டேன்," என்று சொன்னான். பெரியவர் அவன் தோளில் கைவைத்து, "ரொம்ப வேகமா ஓட்டுவான், தம்பி," என்று மட்டும் சொன்னார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன். லெயார்கோ பக்கத்தில் நானும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதோடு அவன் கார் கட்டுவதை விட்டான். கட்டில், பள்ளிக்கூட மேஜை, பால் வண்டி. எதுவானாலும் குழாய்தான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. செய்து அனுப்பிய பிறகும் விடமாட்டான், தேடிக்கொண்டு போய்ப் பார்ப்பான். ஒரு தடவை பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வகுப்பறைக்குள் போய், பிள்ளைகளை எழுப்பி, மேஜைகளைக் கவிழ்த்து வைத்துப் பார்த்திருக்கிறான்.

அவன் மனைவி ஆர்ஜியா, வீட்டிலேயே பின்னல் இயந்திரம் போட்டுக் கார்பி ஊர் வியாபாரிகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறவள். பேச்சில் சுருக்கம். ஒரு குளிர்காலம், வெளியே பத்தடி தள்ளி எதுவும் தெரியாத பகல் பனிமூட்டத்தில், அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"வைனர், உன் கூட்டாளிக்கு என்ன ஆச்சு?"

"ஏன், என்ன?"

"சாப்பிட உக்காருறான். கரண்டியக் கீழ வைக்கிறான். எழுந்து கதவத் தெறக்குறான். வெளியில பனிதான் இருக்கு, ஆளு யாரும் இல்ல. ‘இன்னும் இல்ல’ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்துறான். வந்து மறுபடி சாப்பிடுறான்."

"யார்கிட்ட சொல்றான்?"

"அதத்தான் உன்கிட்ட கேக்க வந்தேன்."

தெரியாது என்றேன். அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

எனக்கும் அது கேட்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பனி இறங்கும் நாட்களில், பட்டறையில் தனியாக இருக்கும்போது, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காலால் தாங்கியைத் தட்டிவிடும் ஓசை. பிறகு அந்தக் கேள்வி. லெயார்கோவாவது "இன்னும் இல்ல" என்று உண்மையான பதிலைச் சொன்னான். என் வாயில் எழும்பும் பதில் வேறு. அதை விழுங்கிக்கொண்டு சுத்தியலை எடுத்து, தேவையே இல்லாத தகட்டை அடிப்பேன், சத்தம் வரட்டும் என்று.

இப்படி முப்பத்தோரு வருடம். எனக்குத் தலை நரைத்தது, பெண்டாட்டி இறந்தாள். லெயார்கோவுக்கு முதுகு வளைந்தது. பழைய பந்தயக் கார்களுக்கு உலகமெங்கும் திடீர் மவுசு வந்து, எங்கள் தெருவுக்கே ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் தேடி வந்தார்கள். சட்டகம் கட்டித் தருவாயா என்று லெயார்கோவிடம் கேட்பார்கள். "கட்டில் வேணுமா?" என்பான்.

1988 அக்டோபரில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முன்னிருக்கையிலிருந்து சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி இறங்கினாள். அறுபதை எட்டும் வயது. தாடை அப்படியே ஒத்தோரினோ.

"நான் ஜெலிண்டா ஜிபெல்லீனி," என்றாள். "அப்பா போன வருஷம் தவறிட்டார். பழக் கிடங்கைக் காலி பண்ணினேன். பின் சுவரை ஒட்டி இதச் சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்தார், எங்க யாருக்கும் சொல்லாம."

லாரியில் என்ஜின் இருந்தது. கியர்பெட்டி, எரிந்துபோன ஸ்டீயரிங். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டதாக நாங்கள் நினைத்திருந்த சட்டகத்தின் ஒரு துண்டும் இருந்தது. இடது முன்பக்கம், முறுக்கிய துணி மாதிரி.

"இதத் திரும்பக் கட்டணும்," என்றாள். "வேற யாரும் தொடக்கூடாது. நீங்க கட்டணும்."

"சிஞ்ஞோரினா, அதுல ஒரு மூட்டு நான் முடிக்கல. அன்னைக்கே உங்க அப்பாகிட்ட சொன்னேன்," என்றான் லெயார்கோ.

"தெரியும். அப்பா சாகுறதுக்கு முன்னால சொன்னார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

அந்தத் துண்டை மேஜை மேல் வைத்துக் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தான். என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னான். சாய்வுக் குழாயின் கீழ்முனை அகப்பட்டது. குழாய் வளைந்திருந்தது. ஆனால் நாலு பொட்டும் விடாமல் பிடித்திருந்தன.

"விடல," என்றேன். "லெயார்கோ, பிடிச்சிருக்குடா. உன் மேல தப்பில்ல."

"இது கீழ்முனை. மேல்முனை எங்க?"

அந்த இடத்தில் குழாய் ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. ஒத்தோரினோவை வெளியே எடுக்க அறுத்திருப்பார்கள். மேல்முனை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஜெலிண்டா கிடங்கை மறுபடி தோண்டித் துருவினாள். கிடைக்கவில்லை. அதில் பொட்டு விட்டிருந்ததா, பிடித்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை லெயார்கோ கட்ட ஆரம்பித்தான். அளவுகள் எல்லாம் அவன் தலையிலேயே இருந்தன. மேஜையைத் துடைத்து, நடுக்கோடு கிழித்து, பெருங்குழாய்கள் இரண்டையும் கிடத்தினான். முப்பத்தோரு வருடம் கட்டில் செய்த கை. முதல் மீன்வாயை அராவிப் பொருத்தியபோது நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இடைவெளியில் காகிதம் நுழையாது. டிசம்பருக்குள் பின்பக்கம் எழுந்தது, ஜனவரியில் நடுக்கூடு. ஒவ்வொரு மூட்டையும் முழுசாகச் சுற்றிப் பற்றவைத்து, காற்றுப் படாமல் கல்நார்த் துணி போர்த்தி மெல்ல ஆறவிட்டான். ஊரில் விஷயம் பரவிப் பழைய ஆட்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் இடது முன்பக்கத்துக்கு வந்தான். சாய்வுக் குழாயை வைத்தான், பொட்டு வைத்தான், சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டு முனையிலும் சிலுவை போட்டான். அங்கே நின்றுவிட்டான்.

வாயு இருந்தது, கம்பி இருந்தது. பற்றவைக்கவில்லை. மற்ற எல்லா வேலையும் செய்தான், அந்த மூட்டைத் தொடவில்லை. தினமும் காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிடுவான்.

"வைனர், இங்க வா. சிலுவை இருக்கா பாரு."

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ரெண்டும் இருக்கா?"

"ரெண்டும் இருக்கு லெயார்கோ."

"என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா அன்னைக்கும் தெரிஞ்சுது. போட்டேன்னு இன்னிக்கும் கண்ணு முன்னால நிக்குது. நீ இல்லன்னு சொன்ன. அப்பறம் நான் எதை நம்புறது?"

முதல் வாரம் பொறுத்தேன். இரண்டாம் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுமென்றே தாமதமாக வந்து பார்த்தேன். நான் வரும்வரை அவன் மேஜையோரம் நின்று காத்திருந்தான். பதினேழாம் நாள், வெளியே பனி வெள்ளைச் சுவராக நிற்க, அவன் மறுபடி கேட்டான்.

"சிலுவை இருக்கா?"

"இருக்கு," என்றேன். "அன்னைக்கும் இருந்துச்சு."

அவன் திரும்பவில்லை.

"நான்தான் துடைச்சேன். மண்ணெண்ணெய்த் துணியால. நீ வந்து கேட்டப்ப, இல்லேன்னு சொன்னேன். முடிஞ்சுதான்னு ஒத்தோரினோ கேட்டான். முடிஞ்சுதுன்னு சொல்லிக் கொடுத்தனுப்பினதும் நான்தான்."

லெயார்கோ மெல்ல மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் கண்ணாடியை மாட்டினான். வாயுவைத் திறந்து தீ வைத்தான். சுடரை நீலமாகச் சுருக்கிக்கொண்டு குனிந்தான். மேல்முனையை ஒரே மூச்சில், கை எங்கேயும் தயங்காமல் சுற்றிவந்து முடித்தான். அடுக்கிவைத்த நாணயங்களைச் சாய்த்துவிட்ட மாதிரி ஒழுங்கான வரி. பிறகு கீழ்முனை. கல்நார்த் துணியைப் போர்த்தினான். சுடரை அணைத்தான்.

"வேற எதாவது சொல்லணுமா?" என்றான்.

"இல்ல."

"அப்ப நீங்க உங்க வேலையப் பாருங்க."

நாற்பது வருடமாக என்னை "டேய்" என்று கூப்பிட்டவன். அன்று "நீங்க" என்றான். அதற்குப் பிறகு சாகும்வரை அதை மாற்றவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி பேசினான். மதியம், தனியாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"மறந்திருப்பேன்னு நானே நம்பிட்டேன். இந்தக் கை மறக்குற கைன்னு. கட்டிலுக்கு அடியில எல்லாம் படுத்துப் பாத்தேனே, எதுக்கு? எல்லா மூட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணுகூட மோசமில்ல. ஆனா நம்ப முடியல." கையைத் துடைத்தான். "ஜெலிண்டாகிட்ட நீங்க வந்து சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நீங்கதான்."

ஏப்ரலில் போனோம். வின்யோலா முழுக்கச் செர்ரி பூத்திருந்தது. பேருந்தில் அவன் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்தான். ஜெலிண்டா சமையலறையில் எங்களை உட்காரவைத்து, தானே செய்த வால்நட் மதுவை ஊற்றினாள். நான் சொன்னேன். துணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் எதாவது பேசினானா? கிளம்புறதுக்கு முன்னால?" என்று கேட்டாள்.

"உங்களப் பத்திப் பேசினார். பல் டாக்டர் விஷயம். சிரிச்சுக்கிட்டே இருந்தோம்."

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வெளியே டிராக்டர் சத்தம் நின்றது.

"எங்கப்பா முப்பது வருஷம் இந்த வீட்டுல அவன் பேரை எடுக்க விடல," என்றாள். "ரொம்ப வேகமா ஓட்டினான், தன் திமிராலயே செத்தான்னு நெனச்சார். பெத்த மகன் மேல கோவமாவே இருந்து செத்தார். மூட்டு விஷயத்தக் கடைசி வாரத்துலதான் சொன்னார். அதுவும் ‘அந்த வெல்டர் பாவம், தானே பழிய ஏத்துக்கிட்டான்’னு. நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை.

"எதுக்கு இப்ப சொல்றீங்க, சிஞ்ஞோர் கவட்ஸூத்தி? செமக்க முடியலன்னு என் மேஜைமேல எறக்கி வெக்க வந்தீங்களா?"

"ஆமா," என்றேன். வேறு உண்மை என்னிடம் இல்லை.

அவள் லெயார்கோவிடம் திரும்பினாள். "சட்டகத்த முடிங்க. உங்க பேரை அதுல வெட்டுங்க. தகடு வேற ஆளு அடிப்பாங்க."

அப்படித்தான் நடந்தது. சட்டகம் மே மாதம் முடிந்தது. பட்டறை வாசல் வெயிலில் அதை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தான் லெயார்கோ. அன்று அவன் முகத்தில் வயது தெரியவில்லை. நான் என் பக்கமே இருந்து பார்த்தேன். நான் முதன்முறை அடித்த வளைவுகள் என் கையில் அப்படியே இருந்தன. மறுபடி அடிக்கக் கை துடித்தது. லாரி வந்து அதை ரெஜ்ஜோவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனது. அங்கே தகடு போட்டார்கள். முடிந்த காரை நான் பார்த்ததில்லை. நன்றாக வந்தது என்றார்கள்.

லெயார்கோ அதற்குப் பிறகு நாலு கார்களுக்குச் சட்டகம் கட்டினான். ஒன்றையும் போய்த் திரும்பிப் பார்க்கவில்லை, முடித்ததும் அனுப்பிவிடுவான். பட்டறையை மாற்றிக்கொள்ளச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. காலையில் "வணக்கம்" என்பான். சிலிண்டர் வந்தால் "கொஞ்சம் பிடிங்க" என்பான். ஏழு வருடம் ஒரே கூரைக்குக் கீழ், முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி வேலை பார்த்தோம். அவன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், கதவைத் திறந்து யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று ஆர்ஜியா சொன்னாள். என்ன நடந்தது என்று அவளிடம் அவன் சொன்னானா, எனக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

எனக்கு அந்தக் கேள்வி நிற்கவில்லை. சொல்லிவிட்டால் விட்டுப்போகும் என்று நினைத்திருந்தேன். அவனை விட்டுப்போனது எல்லாம் என்னிடம் வந்துவிட்டது. இப்போது பனி இல்லாத நாட்களிலும் கேட்கிறது.

1996 நவம்பரில் லெயார்கோ இறந்தான். நுரையீரல். சான் கத்தால்தோ கல்லறைத் தோட்டத்தில் மழை பெய்தது. சவப்பெட்டியைச் சுமக்க ஆர்ஜியா என்னைக் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. நான் பின்வரிசையில் நின்றேன். எல்லாரும் கலைந்த பிறகு ஜெலிண்டா குழியோரம் தனியாக நிற்பதைப் பார்த்தேன். குடை கொண்டுவரவில்லை, கோட்டின் தோள் நனைந்து கறுத்திருந்தது.

நான் பக்கத்தில் போய்க் குடையைப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், யார் என்று தெரிந்துகொண்டாள். விலகவில்லை. வாசலில் அவளுக்காக வாடகைக் கார் காத்துக்கொண்டிருந்தது. இருநூறு அடி இருக்கும். இருவரும் ஒரே குடையில் நடந்தோம். அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்ததில் என் தோள் நனைந்தது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஈரச் சரளையில் கால் வழுக்கிய ஒரு இடத்தில் மட்டும் என் கோட்டுக் கையைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

கார் கதவை நான் திறக்கக் கை நீட்டுவதற்குள் தானே திறந்து ஏறினாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"நனையாதீங்க," என்றாள். கார் கிளம்பிவிட்டது.